இறைத்து முடித்த பிறகு: பேட்டரி பம்பை ஓட்டுவதும் சார்ஜ் போடுவதும்

"ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும்?" தோட்டத்துக்கு பேட்டரி பம்ப் வாங்கப் போகிற எவரும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பதிலும் சுலபம், பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். ஆனால் அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: ஓடாத நேரத்தில் இதை எப்படி வைத்துக்கொள்வது? 60 தொட்டிகள் உள்ள ஒரு மாடித்தோட்டத்தில் பம்ப் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓடினால் அதிகம். மிச்சமுள்ள இருபத்து மூன்றரை மணி நேரம் அது ஒரு மூலையில் கிடக்கும். பேட்டரி இறைத்து இறைத்துத் தேய்வது கொஞ்சம்தான். கிடந்து கிடந்து கெடுவதே பெரிது என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி. பம்பை ஓட்டும் முறை, சார்ஜ் போடும் முறை, இரண்டையும் இந்தக் கோணத்திலிருந்தே பார்க்கப் போகிறோம்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். நம்மூர்க் கடைகளில் சிறு தோட்டத்துக்கென்று விற்பவற்றில் நிறைய 12 வோல்ட் டயாஃபிரம் பம்புகள். முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் மருந்தடிக்கிறார்களே, அந்த பேட்டரி ஸ்பிரேயரின் அடிவயிற்றில் இருப்பதும் இதே இனம்தான். நிமிடத்துக்கு 4 லிட்டர் போலத் தள்ளும். கூட வரும் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 96 வாட்-மணி. கோடையில் ஒரு தொட்டிக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 60 தொட்டிக்கு 120 லிட்டர், அதாவது 30 நிமிட ஓட்டம். ஹோஸின் வாயைத் திறந்துவிட்டு இறைத்தால் பம்ப் இழுப்பது ஏறத்தாழ இரண்டரை ஆம்பியர். அரை மணிக்கு ஒன்றே கால் ஆம்பியர்-மணி. 8-இல் ஒன்றே கால் என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே ஒரு ஆட்சேபம் வரும்: ஈய பேட்டரியில் 8 என்று எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, வேகமாக இழுத்தால் அவ்வளவு தராது. உண்மைதான். அதை 6 என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு நாள் வேலை ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இந்த அளவு உழைப்பில் எந்த பேட்டரியும் ஒரே வருடத்தில் சாக நியாயமில்லை. ஆனாலும் சாகிறது. காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அதற்கு முன், அந்த ஒன்றே கால் ஆம்பியர்-மணி எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பம்பை ஓட்டுவதில் உள்ள சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. 120 லிட்டர் தண்ணீரை 2 மீட்டர் உயரம் தூக்கத் தேவையான வேலை, கணக்குப்படி முக்கால் வாட்-மணிகூட இல்லை. பேட்டரி கொடுத்ததோ 15 வாட்-மணி. நடுவில் தின்றது மோட்டாரின் சூடும், குழாய்க்குள் உராய்வும், எல்லாவற்றுக்கும் மேலாக அழுத்தமும். தண்ணீரை 10 மீட்டர் தூக்குவதும் 1 பார் அழுத்தம் கொடுப்பதும் பம்புக்கு ஒரே சுமை. பனி போலத் தூவும் நாசிலை நுனியில் மாட்டி 3 பார் அழுத்தத்தில் அடித்தால், பத்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பாடு. பம்ப் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், தண்ணீரோ குறைவாக வரும். கத்தரிக்கும் வெண்டைக்கும் வேருக்குத் தண்ணீர் போனால் போதும்; அதற்குப் பனித்தூவல் எதற்கு? அரை அங்குல ஹோஸை மடிப்பில்லாமல் விரித்து, நுனியில் சாதாரணப் பூவாளித் தலையை மாட்டினால் அதே பேட்டரி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தொட்டிகளுக்கு வரும். நாற்றுத் தட்டுக்கும் கொத்தமல்லி விதைத்த பைக்கும் மட்டும் தூவல் வைத்துக்கொள்ளலாம்.

சொட்டுநீர் மாட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டயாஃபிரம் பம்பில் ஓர் அழுத்த சுவிட்ச் இருக்கும். வெளியே வழி அடைபட்டதும் அதுவே மோட்டாரை நிறுத்தும், அழுத்தம் இறங்கியதும் ஓட்டும். சொட்டுவான்கள் கேட்கும் தண்ணீர் மிகக் குறைவு. ஆகவே பம்ப் ஒரு விநாடி ஓடி, ஒரு விநாடி நின்று, டக்-டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் ஓட்ட மின்சாரத்தைப் போலப் பல மடங்கை ஒரு கணம் இழுக்கிறது. சுவிட்சின் முனைகளும் தீய்கின்றன. வெளியேறும் குழாயில் ஒரு 'டி' போட்டு, சின்ன வால்வு வைத்து, உபரித் தண்ணீரை டிரம்முக்கே திருப்பி விட்டால் இந்தத் துடிப்பு நிற்கும். கொஞ்சம் மின்சாரம் வீண்தானே என்றால், ஆமாம், வீண்தான். ஆனால் சுவிட்ச் பிழைக்கும்.

இனி கிடந்து கெடுவதற்கு வருவோம். இங்கே ஊருக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. முதலில் உங்கள் பம்போடு வந்தது ஈய பேட்டரியா, லித்தியமா என்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் தூக்கினாலே தெரியும்: 8 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவைத் தாண்டும், செங்கல் போல இருக்கும். அதே கொள்ளளவுள்ள லித்தியம் பாக்கெட் ஒரு கிலோகூட வராது. சந்தேகமிருந்தால் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான குணம் உடையவை என்பதுதான் பாதிப்பேரின் பம்ப் பாழாவதற்குக் காரணம்; ஒன்றுக்குச் சொன்ன பத்தியத்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஈய பேட்டரி காலி வயிற்றோடு படுக்கக் கூடாத ஜாதி. 1859-இல் பிரெஞ்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய அதே வேதியியல்தான் இன்றைக்கும் உள்ளே நடக்கிறது: ஈயத் தகடுகள், கந்தக அமிலம். மின்சாரம் கொடுக்கக் கொடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் பொடிப்பொடியாகப் படியும். சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் படிந்ததைப் படிந்தபடியே விட்டுவிட்டால் பொடி படிகமாக வளர ஆரம்பிக்கும். சர்க்கரைப் பாகை ஆட்டாமல் அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் கல்கண்டாக இறுகுகிறதல்லவா, அதுபோல. இறுகியது பிறகு எந்தச் சார்ஜருக்கும் லேசில் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு போனது போனதுதான். எனவே ஈய பேட்டரிக்கு விதி ஒன்றே: இறைத்த அன்றைக்கே சார்ஜ். அரை மணி இறைத்தாலும் சரி, பத்து நிமிடம் இறைத்தாலும் சரி. "இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் கல்கண்டு வளர்கிறது.

லித்தியத்தின் கதை வேறு. அதற்குப் பாதி வயிறு சுகம். நிறைந்த வயிறும் வெயிலும் சேர்ந்தால் விஷம். சாதாரண லித்தியத்தில் ஒவ்வொரு செல்லும் நிறையும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உச்சத்தில், அதுவும் சூட்டில், உள்ளே இருக்கும் திரவம் மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும். பம்ப் ஒரு சொட்டு இறைக்காவிட்டாலும் சிதையும். கத்திரி வெயில் நாளில் நிழலிலேயே 40 டிகிரி என்றால், மொட்டை மாடித் தகர ஷெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று உள்ளே தலையை நீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஷெட்டில், பச்சை விளக்கு எரியும் சார்ஜரில், முழுக்க நிறைந்த லித்தியம் பேட்டரியை நாள் முழுவதும் செருகி வைப்பதைவிடக் கொடுமை வேறில்லை. இறைத்து முடித்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அடுத்த நாள் இறைக்கும் அளவு மிச்சமிருந்தால் அன்று சார்ஜே வேண்டாம். கால் பங்குக்குக் கீழே இறங்கும்போது போட்டால் போதும், நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"அப்படியானால் ஈயத்துக்கு வெயில் பரவாயில்லையா?" என்று கேட்கலாம். இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது மின்துறையில் எல்லோரும் கையாளும் தோராயக் கணக்கு. சும்மா வைத்திருக்கும்போது தானாக இறங்குவதும் சூட்டில் வேகமாகும். ஆக, நிழல் இரண்டுக்கும் பொது. எவ்வளவு நிறைத்து வைப்பது என்பதில்தான் பேதம்.

பாதியிலேயே சார்ஜ் போடுவதற்கு எதிராகப் பலமான வாதம் ஒன்று உண்டு. பெரியவர்கள் அனுபவத்திலிருந்து சொல்வது என்பதால் அதை லேசாகத் தள்ள முடியாது. "முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், பாதியில் ஏற்றினால் பேட்டரி பழகிப்போய் அப்புறம் பாதிதான் தரும்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, காலம் கடந்தது. பழைய கார்ட்லெஸ் போன்களிலும் வீடியோ கேமராக்களிலும் இருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு அப்படி ஒரு ஞாபகக் கோளாறு இருந்தது. ஈயத்துக்கு அது என்றைக்குமே கிடையாது. லித்தியத்துக்கு, கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. சொல்லப்போனால் முழுக்க இறக்குவதுதான் இரண்டுக்கும் கேடு. ஈய பேட்டரி தயாரிப்பாளர்கள் தரும் தாள்களைப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் சில நூறு சுற்றுகள்தான் வரும் என்றும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறக்கினால் அதைப் போலப் பல மடங்கு வரும் என்றும் போட்டிருப்பார்கள். இறைத்துக்கொண்டிருக்கும்போதே பம்பின் சுருதி இறங்கி, தண்ணீர் வீச்சு முழங்கையளவு குறைந்தால், பேட்டரி தன் எல்லையைச் சொல்கிறது என்று பொருள். 12 வோல்ட் ஈய பேட்டரி ஓட்டத்தில் பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மிச்சம் பத்துத் தொட்டிதானே என்று இழுத்துப் பிடித்து ஊற்றாமல், அந்தப் பத்துக்கும் பூவாளியை எடுங்கள்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு சின்ன உருண்டை முனை செய்யும் அட்டகாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஈய பேட்டரி சார்ஜர், மூன்று செல் லித்தியம் சார்ஜர், நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (லித்தியத்திலேயே இன்னொரு வகை) சார்ஜர், மூன்றும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பு டப்பா. மூன்றின் வயர் நுனியிலும் அநேகமாக ஒரே அளவு உருண்டை பின். எந்தத் துளையிலும் அழகாகப் போய் உட்காரும். ஆனால் உள்ளே வருவது வேறு வேறு. ஈயத்துக்கானது 14.4 முதல் 14.7 வோல்ட் வரை ஏற்றும். மூன்று செல் லித்தியத்துக்கு 12.6-இல் நிறுத்த வேண்டும். அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.6. ஈயச் சார்ஜரை மூன்று செல் லித்தியத்தில் செருகினால் ஒரு செல்லுக்கு 4.9 வோல்ட் விழப் பார்க்கும், 4.2-ஐத் தாண்டக் கூடாத செல் அது. பாக்கெட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அட்டை துண்டித்துக் காப்பாற்றினால் உண்டு, அது பழுதாகியிருந்தால் தீ. மாற்றிச் செருகினால் தீப்பிடிக்காது, ஆனால் பேட்டரி மெல்ல மெல்லச் சாகும்: முழுக்க நிறைந்த ஈய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும், 12.6 வோல்ட் சார்ஜரால் அதை எப்படி நிறைக்க முடியும்? என்றைக்கும் அரைகுறையாகவே இருந்து கல்கண்டு கட்டும். வீட்டில் இரண்டு மூன்று சார்ஜர் இருந்தால், எது எதற்கு என்று வெள்ளை டேப்பில் எழுதி வயரிலேயே ஒட்டுங்கள். டப்பாவில் ஒட்டினால் உரிந்துவிடும்.

பச்சை விளக்கையும் முழுக்க நம்ப வேண்டாம். உள்ளே போகும் மின்சாரம் ஒரு அளவுக்குக் கீழே குறைந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். பேட்டரி நிறைந்தது என்று சார்ஜர் ஊகிக்கிறது. நல்ல ஈய பேட்டரி பாதி இறங்கிய பிறகு 1 ஆம்பியர் சார்ஜரில் நிறைய ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதுவே செருகிய பத்தாவது நிமிடம் பச்சை காட்டினால், சந்தோஷப்படாதீர்கள்: தகடு இறுகிப்போய் மின்சாரத்தை வாங்கவே மாட்டேன் என்கிறது. உறுதிசெய்ய 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் ஈயத்தில் 12.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. கழற்றிய கையோடு அளந்தால் 13-ஐத் தாண்டி ஏமாற்றும். லித்தியத்துக்கு இந்த எண்கள் பொருந்தாது. அயர்ன் பாஸ்பேட்டில் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை வோல்ட் கிட்டத்தட்ட அசையாமலே நிற்கும் என்பதால் மீட்டரை வைத்து அளவு சொல்வது கஷ்டம்.

"இவ்வளவு கவனம் எதற்கு, பெரிய பேட்டரியாக வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்பது அடுத்த ஆட்சேபம். லித்தியத்தில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஈயத்தில், சார்ஜரும் சேர்ந்து பெரிதானால் மட்டுமே நியாயம். 8 ஆம்பியர்-மணிக்கு வந்த 1 ஆம்பியர் சார்ஜரை 26 ஆம்பியர்-மணிக்கு மாட்டினால், நன்றாக இறங்கிய பேட்டரி நிறைய ஒன்றரை நாள் பிடிக்கும். யாரும் அவ்வளவு நேரம் விடுவதில்லை. ராத்திரி போட்டுக் காலையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பேட்டரி வாங்கி, நிரந்தரமாகப் பாதி வயிற்றில் வைத்துக் கெடுப்பதுதான் நடக்கும். தலைகீழாக, கார் பேட்டரிக்கான 10 ஆம்பியர் சார்ஜரைச் சின்ன பேட்டரியில் மாட்டினால் அது வீங்கும். ஈயத்துக்கு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய கணக்கு. இன்றும் பழுதில்லாத கணக்கு.

ஓட்டும்போது செய்ய வேண்டியவை அதிகமில்லை. பம்பை டிரம்முக்குப் பக்கத்தில், கூடியவரை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். இந்தச் சிறிய பம்புகளுக்குத் தள்ளுகிற பலம் உறிஞ்சுவதில் கிடையாது. உறிஞ்சும் குழாயின் மூட்டுகளில் டெஃப்லான் டேப்பும் கிளிப்பும் இறுக்கமாக இருக்கட்டும், ஏனெனில் தண்ணீர் கசியாத ஓட்டையிலும் காற்று உள்ளே போகும். சல்லடையை டிரம்மின் அடிச் சேற்றிலிருந்து நாலு விரற்கடை மேலே தொங்கவிடுங்கள். வெளிவாயைத் திறந்துவிட்டுப் பிறகு சுவிட்சைப் போட்டால் குழாயில் இருக்கும் காற்று வெளியேறி, கரகரப்பு அடங்கி, பாரமான ஒரே சீரான சத்தம் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று லேசாகிக் கூர்மையானால் தண்ணீர் தீர்ந்துவிட்டது அல்லது காற்று வாங்குகிறது. டயாஃபிரம் பம்ப் சிறிது நேரம் அதைத் தாங்கும். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் பம்புக்கோ தண்ணீர்தான் குளிர்ச்சியும் எண்ணெயும், அது தாங்காது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்றவற்றை இதில் ஓட்டுவதாக இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டி ஓட்டி, கடைசியில் இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் வால்வில் வெள்ளை படியும்; மழைநீர் டிரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வயரைப் பற்றி ஒன்று. பேட்டரியை நிழலில் வைக்கச் சொன்னேன் என்பதற்காக அதை மாடிப்படி அறையில் வைத்து, 10 மீட்டர் வயர் இழுத்து பம்பை ஓட்டாதீர்கள். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில், போக வர 20 மீட்டருக்கு, 4 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் 1 வோல்ட் ஒன்றுமில்லை. 12-இல் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. இறைக்கும் அரை மணிக்கு பேட்டரியைத் தூக்கி வந்து பம்பின் பக்கத்தில் வைத்து, முடிந்ததும் தூக்கிப் போங்கள். பாசிட்டிவ் வயரில், பேட்டரியை ஒட்டி, 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் இரண்டு முனையும் ஒரு கம்பியில் பட்டால் வயரை உருக்கும் பலம் அதற்கு உண்டு.

கிடந்து கெடுவதற்குக் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி ஒன்றும் இருக்கிறது. இப்போது பல பம்ப் பெட்டிகளில் சிவப்பு எழுத்தில் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் வைத்துத் தருகிறார்கள். பார்க்க அழகு. அது சுவிட்சுக்கு முன்பாக இணைந்திருந்தால் பம்பை அணைத்தாலும் எரியும். அது குடிப்பது 10 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும், 30 நாளில், 720 மணி நேரத்தில், 7.2 ஆம்பியர்-மணி. பேட்டரியின் மொத்தமே 8. ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்காமல், ஒரு மாதத்தில் ஒரு விளக்கு கிட்டத்தட்ட முழு பேட்டரியையும் குடித்துவிடுகிறது. அதனால்தான் சுவிட்சை அணைத்தால் போதும் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும், நாள்கணக்கில் வைக்கும்போது கிளிப்பையே கழற்றிவிடச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இது எப்போது நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை நிற்கும். கடைசியாக இறைத்த அன்று பாதி இறங்கிய ஈய பேட்டரி, மீட்டர் விளக்கு எரிய எரிய, ஷெட்டு மூலையில் டிசம்பர் வரை கிடக்கும். பொங்கல் முடிந்து வெயில் ஏறியதும் எடுத்துச் சுவிட்சைப் போட்டால் ஓடாது. "போன வருஷம் வாங்கியது, தரமில்லாத பேட்டரி" என்று கடைக்காரர் மேல் பழி விழும். இந்த இடத்தில் மட்டும் கடைக்காரர்கள் பக்கம் நான். மழை பிடிக்கும் முன் ஈய பேட்டரியை முழுக்க நிறைத்து, கிளிப்பைக் கழற்றி, வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை ராத்திரி சார்ஜ் போட்டால் இது நேராது. லித்தியமாக இருந்தால் நிறைக்காமல் பாதி அளவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மாதம் ஒரு சார்ஜுக்கு ஆகும் மின்சாரம் கால் யூனிட்டைக்கூடத் தொடாது.

சார்ஜ் போடுவதற்கு ஏற்ற வேளை ராத்திரி, அதாவது மாலையில் இறைத்து ஒரு மணி நேரம் பேட்டரி ஆறிய பிறகு. வெயிலில் சூடேறிய பேட்டரியைக் கொண்டுவந்த கையோடு செருகக் கூடாது. லித்தியம் 45 டிகிரிக்கு மேல் சார்ஜை ஏற்கும் பொருள் அல்ல. "ராத்திரி முழுக்க செல்போனைச் சார்ஜில் போடுகிறோமே, ஒன்றும் ஆவதில்லையே" என்று கேட்பவர்களுக்கு: செல்போன் தன் பேட்டரியைத் தானே கண்காணிக்கிறது, பல போன்கள் 80 சதவீதத்தில் நிறுத்தியே வைக்கின்றன. பம்புக்கு வரும் மலிவுச் சார்ஜருக்கு அந்தப் புத்தி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. லித்தியம் சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். படுக்கும் முன் எடுத்துவிடலாம். மெத்தை, திரைச்சீலை, வாசல்படி பக்கம் வேண்டாம், வெறும் டைல்ஸ் தரையில் வையுங்கள். ஈய பேட்டரி அதிகம் ஏறினால் ஹைட்ரஜன் விடும், ஆகவே மூடிய அலமாரிக்குள் வைத்து ஏற்றாதீர்கள்.

சோலார் பேனல் மாட்டினால் இந்தக் கவலையெல்லாம் போகும் என்று நினைப்பவர்கள் பாதி சரி. தினசரி சார்ஜ் என்கிற ஈயத்தின் விருப்பத்தைச் சூரியன் தானாகவே நிறைவேற்றுகிறது. மழைக்கால மறதிக்கும் அது மருந்து. ஆனால் '12 வோல்ட் பேனல்' என்று விற்பது வெயிலில் சும்மா நிற்கும்போது 20 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேராக மாட்டினால் பேட்டரி வெந்துபோகும். கன்ட்ரோலரிலும் ஈயமா லித்தியமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரியைப் பேனலுக்கு அடியில் வைக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அது நிழல்தான், ஆனால் அடுப்பு மேடையின் நிழல்.

கடைசியாக, இத்தனைக்கும் பூவாளியே மேல் என்பவர்கள். 20 தொட்டி வரை அவர்கள் சொல்வதுதான் சரி. அதற்கு பம்ப் வாங்குவது வீண் செலவு. மொட்டை மாடியில் பிளக் பாயின்ட் இருக்கிறதே, 230 வோல்ட் பம்பே போதாதா என்றால், ஆர்சிசிபி (மின்கசிவு துண்டிப்பான்) பொருத்திய வீட்டில் அதுவும் ஒரு வழி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இறைக்கிற இடத்தில், என் ஓட்டு 12 வோல்ட்டுக்கே.

வாங்கிய அன்றே பேட்டரியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதிவையுங்கள். அது ஓய்ந்த பிறகு குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி எல்லா வகை பேட்டரியையும் தனியாகப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும். ஈய பேட்டரிக்குப் புதிது வாங்கும் கடையிலேயே பழைய விலை கழித்துத் தருவார்கள். வீங்கிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, பிரிக்கவோ, மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கவோ வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.